மூன்றாம் கேள்வி

தார்த்துவில் மார்ச்சும் குளிர்காலம்தான்.
ஆற்றின் மேல் பனிக்கட்டி இன்னும் விடவில்லை.
ஏழரை மணிக்கு ஹெல்தூர்
கொதிகலன் அறையின் எண்ணெய் வாசத்தோடு வந்து
சட்டைக் கையைச் சுருட்டினார்.

இரண்டு குழாய் ரத்தம்.
பதிலுக்கு ஒரு காபி, சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி ஒன்று.
"சும்மா நன்றாக இருப்பதற்குக் கூலி தரும் ஒரே இடம்" என்றார்.
ஒவ்வொரு முறையும் இதே வேடிக்கை.
ஊசியை உருவிய பிறகே
ஐனிகி சிரிப்பாள், ஒவ்வொரு முறையும்.

குழாயின் மேல் பெயர் எழுதக்கூடாது.
பதினேழு என்று எழுதினோம்.

ஐஸ் தட்டில் நிற்கும் ஆன்டிபாடிகளை
ஐந்தைந்து மைக்ரோலிட்டராக இறக்கினேன்.
என்றோ எங்கோ ஒரு சுண்டெலிக்கு வந்த கோபம்
இந்தச் சின்னப் புட்டியில்.
எலி எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று.
கோபம் மட்டும் ஆளை மறக்கவில்லை,
சிடி3 என்றால் சிடி3-ஐத்தான் பிடிக்கும்.
வாலில் ஒரு நிறம் கட்டியிருக்கிறது:
ஒன்றில் பச்சை,
ஒன்றில் கடற்பாசியிடம் கடன் வாங்கிய ஆரஞ்சு.

வெளிச்சம் பட்டால் நிறம் வெளிறும்.
அலுமினியத் தாளைச் சுற்றி
இருபது நிமிடம் இருட்டில்.
இருட்டில் காத்திருக்க
இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பிறகு வரிசை.
முடியைவிட மெல்லிய நீரோட்டத்தில்
நீல லேசரின் முன்னால்
ஒற்றை ஒற்றையாய்ச் செல்கள்,
நொடிக்கு ஆயிரம்.
சுங்கச்சாவடி மாதிரி என்று புதியவர்களிடம் சொல்வேன்.
சரியில்லாத உவமை. சாவடியில் கேள்வி கேட்பார்கள்.
இங்கே மேலே என்ன மின்னுகிறதோ
அதுதான் பெயர்.

ஒட்டிக்கொண்டு வரும் இருவரை விலக்கு.
செத்ததை விலக்கு.
பச்சை கொஞ்சம் ஆரஞ்சின் கண்ணில் கசியும், கழித்துவிடு.
மிச்சத்தைச் சுற்றி மவுசால் ஒரு வேலி.

வேலிக்குள் பி-செல்கள், சிடி19.
அவற்றின் மேல் சிடி5 இருக்கலாகாது,
இருந்தாலும் சொற்பம்,
அது பக்கத்து வீட்டு டி-செல்லின் அடையாளம்.
பதினேழில் இருந்தது.
மங்கலாக, கூச்சப்பட்டதுபோல்,
ஆனால் கூட்டமாக.
திரையில் ஈ மொய்த்த இடம்.

புதுப் புட்டி திறந்து மறுபடி நிறமேற்றினேன்,
கப்பாவும் லாம்டாவும் சேர்த்து.
கலந்து வரவேண்டியவை.
வந்ததெல்லாம் கப்பா.
ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஊரை நிறைத்ததுபோல.

"கருவி அழுக்காக இருக்கும்" என்றாள் ஐனிகி
என் தோளுக்குப் பின்னாலிருந்து.
கழுவினோம்.
கருவி சுத்தமாகத்தான் இருந்தது.

பலருக்கு இது கடைசிவரை தூங்கும்.
சிலருக்கு விழித்துக்கொள்ளும்.
எது என்று காட்ட
என் பெட்டியில் நிறம் கிடையாது.

ஒப்புதல் படிவம் எல்லோருக்கும் ஒன்றுதான்.
மூன்றாம் கேள்வி:
எதிர்பாராதது ஏதாவது தெரிந்தால்
உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?
பதினேழின் பதில், நீல மையில்,
தாளின் பின்பக்கம் புடைக்க அழுத்தி:
வேண்டாம்.

குழாய்க்குப் பெயரில்லை என்கிறது சட்டம்.
அன்று காலை கை நீட்டியவர் ஒருவர்தான் என்பது
அதற்குத் தெரியாது.

நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன்.
"அவர்" என்று வந்த இடத்திலெல்லாம்
"மாதிரி" என்று திருத்தினேன். பதினொரு இடம்.

மூன்று மணிக்கு ரேடியேட்டர் முட்டத் தொடங்கியது.
ஸ்பேனரோடு ஹெல்தூர் வந்து
மண்டியிட்டு, திருகைத் தளர்த்தி,
குழாயில் சிக்கிய காற்றை வெளியே விட்டார்.
சீறல் அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டார்.
"நம்ம ஆட்கள் எப்படி?" என்றார், நிமிராமலே.
"மின்னினார்கள்" என்றேன்.
பொய்யில்லை.

அறை சூடானது.
நான் கோட்டைக் கழற்றவில்லை.
அடுத்த வியாழன் வரட்டுமா என்று கேட்டார்,
கையைக் கால்சட்டையில் துடைத்தபடி.

குழுவின் பதிலுக்கு மூன்று வாரம்.
வியாழனுக்கு ஆறு நாள்.